கிழக்குச் சுவரில் மூன்று ஜன்னல்: படம் முதலா, வெயில் முதலா?

கண்ணாடிக்காரி (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். ஊர் மதுரை, புதூர். கண்ணாடி வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை செய்ததெல்லாம் வீட்டு வாசல் கதவு, பூஜை அறைத் தட்டி, ஒரு ஓட்டலின் வரவேற்பறை, அவ்வளவுதான். இப்போது முதல் முறையாகக் கோயில் வேலை வந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கம், 130 வயதைத் தாண்டிய கத்தோலிக்கக் கோயில். பேர் வேண்டாம்.

பீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் கூர்வளைவு ஜன்னல் மூன்று. ஒவ்வொன்றும் பத்தடி உயரம், மூன்றடி அகலம். பழைய கண்ணாடியில் நடு ஜன்னலின் உச்சியில் மட்டும் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது. நீலத்தில் ஒரு புறா இறக்கை, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். மற்ற இடமெல்லாம் தகரமும் பால் கண்ணாடியும் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஃபாதர் "நீயே வரைஞ்சு கொண்டு வாம்மா" என்று சொல்லிவிட்டார். ஆனால் பங்குப் பேரவையில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவர் ஐரோப்பியப் படத்தை அப்படியே போடச் சொல்கிறார், ஒருவர் மாதாவுக்குச் சேலை கட்டச் சொல்கிறார், ஒருவர் பூ மட்டும் போதும் என்கிறார். இரண்டு வாரமாக வரைந்து வரைந்து கிழிக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

செல்லூர்_சீனி (ஞாயிறு, இரவு 9.52)

இப்போதெல்லாம் ஸ்டிக்கரே அச்சு அசலாக வருகிறதே. ஒரு நாளில் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எதற்கு இவ்வளவு பாடு?

பாடகர்குழு_அக்கா (ஞாயிறு, இரவு 10.15)

சீனி தம்பி, நாங்கள் ஒட்டிப் பார்த்துவிட்டோம். மிக்கேல் சம்மனசு படம், பெரிய செலவு. இரண்டு கோடை தாண்டவில்லை. சிவப்பும் மஞ்சளும் முதலில் போயின, நீலம் மட்டும் தங்கியது. இப்போது சம்மனசும் நீலம், காலடியில் கிடக்கிற சாத்தானும் நீலம், யார் யாரைக் குத்துகிறார் என்று ஞானோபதேசப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒட்டிக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டால் "வெயில் பட்டால் அப்படித்தான்" என்கிறார். ஜன்னலில் வெயில் படாமல் வேறு என்ன படும்?

ஈயப்பட்டை (ஞாயிறு, இரவு 11.30)

திண்டுக்கல்காரன். பெங்களூரில் ஒரு பட்டறையில் பல வருஷம் பழைய கோயில் ஜன்னல்களைப் பிரித்து மாட்டியவன். தங்கச்சிக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சீனிக்கு. ஸ்டிக்கரில் நிறம் மேலே ஒட்டியிருக்கிறது. உண்மையான வண்ணக் கண்ணாடியில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, உருக்கும்போதே சேர்த்தது. கோபால்ட் போட்டால் நீலம், மாங்கனீஸ் போட்டால் ஊதா, தங்கம் போட்டால் ரோஜாச் சிவப்பு. செம்பில் எடுக்கிற சிவப்பு ரொம்ப அடர்த்தி. முழுக் கண்ணாடியும் அதுவாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புத் தோலாக ஏற்றுவார்கள். வெயில் 800 வருஷம் அடித்தாலும் இந்த நிறங்கள் வெளுக்காது. பிரான்சில் ஷார்த்ர் பேராலயத்து நீலம் இன்றைக்கும் நீலம்தான்.

இப்போது உன் கேள்வி. நீ காகிதத்தில் வரைகிறாய், காகிதத்துக்கு வெளிச்சம் முன்னால் இருந்து வருகிறது. ஜன்னலுக்கோ வெளிச்சம் பின்னால் இருந்து வருகிறது. இந்த ஒரு விஷயத்தில்தான் புதியவர்கள் எல்லாரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். நீலம் பக்கத்து நிறத்தின் மேல் வழியும். வெளிர் மஞ்சள் தன் எல்லையைத் தாண்டி வீங்கும். சிவப்பு அடக்கமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தைப் புதுப்பித்த வியோலே லெ துக் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். பழைய ஆட்கள் நீலத் துண்டின் ஓரத்தில் கரும்பூச்சால் முத்து முத்தாகக் கோர்த்து வரைந்தது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, நீலத்தை வேலி போட்டு நிறுத்தத்தான்.

கரும்பூச்சு என்றால் அரைத்த கண்ணாடித் தூளும் இரும்பு ஆக்சைடும் குழைத்துத் தடவி, 650 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் சுடுவது. சுட்ட பிறகு அது கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் இதில்தான் வருகிறது.

அடுத்தது ஈயக் கோடு. ஈயப் பட்டை, எச் எழுத்து மாதிரி குறுக்கு வெட்டு. இரண்டு பக்கக் காடியிலும் கண்ணாடித் துண்டு செருகும். துண்டு பிரிக்க நீ பென்சிலில் இழுக்கிற ஒவ்வொரு கோடும் பட்டறையில் ஈயமாகிறது. ஆகவே படத்தை வரைந்துவிட்டு ஈயத்தை எங்கே விடலாம் என்று தேடாதே. ஈயத்தாலேயே வரை. மூக்கின் குறுக்கே ஈயம் போனால் மாதாவுக்குத் தழும்பு விழுந்த மாதிரி இருக்கும். நம் ஊர் வெளிச்சத்தில் ஆறு மில்லி ஈயத்தைக் கண்ணாடியின் பளபளப்பே தின்றுவிடும். கீழே நின்று பார்த்தால் கோடே தெரியாது. பத்து, பன்னிரண்டு மில்லி வரை போகத் தயங்காதே. முழு அளவு வரைபடத்தில் துண்டு வெட்டும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே ஈயத்தின் நடுத்தண்டுக்கு இரண்டு மில்லிக்குச் சற்றுக் குறைவாக இடம் விட வேண்டும். இதை மறந்தால் பத்தடி ஜன்னல் உச்சிக்குப் போவதற்குள் ஒரு விரற்கடை கூடிவிடும்.

கடைசியாக, அந்தப் புறா இறக்கையை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள். சாரம் கட்டி ஏறினால் மஞ்சள் இருக்கிற துண்டின் வெளிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எழுது.

பேரவைத்_தாத்தா (திங்கள், காலை 6.05)

எங்கள் ஊர்ப் பேரவையில் 22 வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் பாப்பா. கோயில் ஜன்னல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதாகமம். எங்கள் ஆத்தாளுக்கு ஒரு எழுத்து தெரியாது. சாவியைப் பார்த்து ராயப்பர் என்பார், வாளைப் பார்த்துச் சின்னப்பர் என்பார். பூவும் கட்டமும் போட்டால் யாரைப் பார்த்துக் கும்பிடுவது? ஐரோப்பாக்காரன் 800 வருஷமாகச் செய்து வைத்திருக்கிறான். அதைப் பார்த்துப் போட்டால் பழுது வராது. இந்த நவீன விளையாட்டெல்லாம் வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொள்ளட்டும்.

வைகைக்கரை (திங்கள், காலை 8.20)

தாத்தா சொல்வதில் பாதிக்கு நான் கட்சி. மீதிப் பாதிக்கு மானாமதுரை வழியில் இருக்கிற இடைக்காட்டூருக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

அங்கே இருக்கிற திரு இருதய ஆண்டவர் கோயில் 1894இல் பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் ஃபெர்டினாண்ட் செல் கட்டியது. பிரான்சில் உள்ள ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டினார். அங்கே கல், இங்கே செங்கலும் சுட்ட மண்ணும். நம் சுற்றுவட்டாரத்தில் கோதிக் (ஐரோப்பியக் கூர்வளைவுப் பாணி) என்றால் உடனே நினைவுக்கு வருவது அதுதான்.

சரி, அந்தத் தாய்க் கோயில் ரெய்ம்ஸ் இன்றைக்கு எப்படி இருக்கிறது தெரியுமா? 1914இல் ஜெர்மன் குண்டுவீச்சில் தீப்பிடித்து எரிந்தது, பழைய கண்ணாடி நிறையப் போயிற்று. அதற்குப் பிறகு பழைய படத்தையே திரும்பப் போட்ட இடங்களும் உண்டு. ஆனால் பீடத்துக்குப் பின்னால், நேர் கோடியில் இருக்கிற சிற்றாலயத்தில் 1974இல் மாட்டியது மார்க் ஷகால் வரைந்த மூன்று ஜன்னல். அவர் யூதர். ஆபிரகாமும் சிலுவையும் இயேசுவின் வம்சத்தைக் காட்டும் ஈசாயின் மரமும் எல்லாம் இருக்கிறது, ஆனால் அவர் கையெழுத்தில், அவர் நீலத்தில். 2011இல் அதற்கு இரு பக்கமும் இமி க்னோபெல் என்ற ஜெர்மானியர் செய்த ஜன்னல்கள் வந்தன. உருவமே இல்லை, சிவப்பும் மஞ்சளும் நீலமும் சிதறின மாதிரி. குண்டு போட்ட நாட்டுக்காரரிடமே ஜன்னல் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள். தாத்தா, "ஐரோப்பாவைப் பார்த்துப் போடு" என்றால் எந்த ஐரோப்பாவை?

பேரவைத்_தாத்தா (திங்கள், காலை 8.41)

அங்கே எரிந்து போனது, போட்டார்கள். இருக்கிறதை எடுத்துவிட்டுப் போடுவார்களா?

வைகைக்கரை (திங்கள், காலை 9.10)

போடுகிறார்களே, அதுதான் இப்போது பாரிஸில் சண்டை. நோத்ர்தாமின் தெற்குப் பக்கச் சிற்றாலயங்களில் ஆறு ஜன்னலுக்குப் புதிதாக வரைய 2024 டிசம்பரில் கிளேர் தபுரே என்ற ஓவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் இருப்பது, நம் ஈயப்பட்டை அண்ணன் சொன்ன அதே வியோலே லெ துக் காலத்துக் கண்ணாடி. 2019 தீயில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருப்பதை ஏன் கழற்ற வேண்டும் என்று இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், அரசின் பாரம்பரியக் குழுவே ஒருமனதாக எதிர்த்தது. இந்த விஷயத்தில் நானும் தாத்தா பக்கம்தான். பழுதில்லாததைக் கழற்றக் கூடாது. ஆனால் தங்கச்சியின் மூன்று ஜன்னலில் இருப்பது தகரம். தகரத்துக்குப் பாரம்பரியம் பேச முடியாது.

என் யோசனை: இந்த மண்ணின் கதையையே போடலாம். 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்திய தத்துவ போதகர் (ராபர்ட் தெ நோபிலி சாமியார்), 1693இல் ஓரியூரில் வெட்டுப்பட்ட அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ சாமியார்). ஓரியூரின் சிவந்த மண்ணுக்கு அந்தச் செம்புச் சிவப்பைக் கொடுத்தால் அடடா!

பாடகர்குழு_அக்கா (திங்கள், பகல் 1.30)

தாத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் அம்மாவும் கைநாட்டுதான், அவர் ஒரு தடவை கூட ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. சொரூபத்தைத் தொட்டுக் கும்பிடுவார், மெழுகுவத்தி ஏற்றுவார், சப்பரத்தில் பூப் போடுவார். ஜன்னல் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அவருக்கு ஜன்னல் என்றால் காற்று.

காற்று என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. வைகாசியில் பூசை என்றால் பக்கக் கதவு எல்லாம் திறந்திருக்கும், ஐந்து டியூப் லைட் எரியும். அந்த வெளிச்சத்தில் ஜன்னலில் என்ன நிறம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் பாடகர் மேடையில் நின்று 15 வருஷமாகப் பார்க்கிறேன். அங்கே வெளிநாட்டுப் படங்களில் உள்ளே குகை மாதிரி இருட்டு, அதனால் கண்ணாடி எரிகிறது. நம் கோயில்களில் நடுப்பகலில் ஊசியில் நூல் கோர்க்கலாம்.

சாரம்கட்டி (திங்கள், இரவு 8.15)

அக்கா சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார். நான் கட்டடப் பொறியாளன், கண்ணாடி தெரியாது, வெயில் தெரியும்.

ரெய்ம்ஸ் பூமத்திய ரேகைக்கு 49 பாகை வடக்கு. மார்கழி நடுவில் அங்கே உச்சி வேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 17 பாகைதான் ஏறும். தெற்கு ஜன்னல் வழியாக நேராக நுழைந்து எதிர்ச் சுவர் வரை நிறத்தை அள்ளி வீசும். மதுரை 10 பாகைக்குப் பக்கம். அதே நாளில் நமக்கு 57 பாகை. ஆனியில் இன்னும் மோசம், 76 பாகை, அதுவும் வடக்குப் பக்கமாக. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரை நமக்கு உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் போகிறது. பக்கச் சுவர் ஜன்னல்களில் வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும், சுவர் இரண்டரை அடி கனம் என்றால் அந்தக் கனத்திலேயே பாதி நின்றுவிடும். ஐரோப்பியப் புத்தகத்தில் "தெற்கு ஜன்னலுக்கு அடர் நிறம், வடக்குக்கு வெளிர் நிறம்" என்று படித்துவிட்டு இங்கே வந்து போட்டால் அடிப்படையே தப்பு.

உங்களுடையது கிழக்கு. ஞாயிறு ஏழரைப் பூசைக்குச் சூரியன் இருபது பாகைக்கும் கீழே, பீடத்துக்கு நேர் பின்னால் நிற்கும். சனங்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். பத்தரைக்கு மேல் அது கூரை மேல் ஏறிவிடும். அப்புறம் பொழுது சாயும் வரை வானத்தின் வெளிச்சம் மட்டும்தான். ஒரே ஜன்னல், இரண்டு வேலை.

இன்னொன்று. ஈயம் சூட்டில் கண்ணாடியைப் போல மூன்று மடங்கு விரியும். காலையில் சுட்டு இரவில் ஆறி, தினமும் இப்படி இழுபட்டு இழுபட்டுத்தான் பழைய ஜன்னல்கள் தொப்பை போடுகின்றன. பத்தடியை ஒரே தகடாகச் செய்யாமல் மூன்று நான்கு தட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பாரத்தையும் குறுக்குக் கம்பி தாங்கும்படி வையுங்கள். கல் எறிக்குப் பயந்து வெளியே பாலிகார்பனேட் தகடு அடித்து எம்-சீல் வைத்துப் பூசிவிடாதீர்கள், நடுவில் காற்று அடைபட்டு அடுப்பாகிவிடும். மேலும் கீழும் விரலிடை விட்டு வலை அடித்தால் போதும்.

ஈயப்பட்டை (திங்கள், இரவு 10.50)

சாரம்கட்டி சார், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

தங்கச்சி, இனி பென்சிலைக் கீழே வை. கையில் இருக்கிற கண்ணாடியில் ஐந்தாறு துண்டு எடு. ஊதிச் செய்த கண்ணாடி ஒன்றிரண்டு இருந்தால் நல்லது, உள்ளே குமிழும் வரியும் இருப்பதால் வெளிச்சத்தை உடைத்து அனுப்பும். இயந்திரத்தில் உருட்டிய கண்ணாடி தட்டையாக எரியும். தகரத்தைக் கழற்றி அந்த இடத்தில் துண்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை பெஞ்சில் உட்கார். படம் அப்புறம். ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்கு கெர்ஹார்ட் ரிஷ்டர் 2007இல் ஒரு பெரிய ஜன்னல் செய்தார். முதலில் கேட்டது 20ஆம் நூற்றாண்டு மறைசாட்சிகள் படம்தான். கடைசியில் 72 நிறத்தில் 11 ஆயிரத்துக்கும் மேல் சதுரத் துண்டுகள், உருவமே கிடையாது. அந்த ஊர் கர்தினாலுக்கே பிடிக்கவில்லை. ஆனால் தரையில் விழுகிற நிறத்தைப் பார்க்க ஊரே வருகிறது. நீ அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வெளிச்சம் சரியாக அமைந்தால் படம் பின்னாலேயே வரும் என்றுதான் சொல்கிறேன்.

பேரவைத்_தாத்தா (செவ்வாய், காலை 5.50)

வெளிச்சம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வெளிச்சத்துக்குள்ளே ஒரு ஆள் இருக்கட்டும் என்கிறேன்.

செல்லூர்_சீனி (செவ்வாய், காலை 7.15)

தாத்தா அடிச்ச பாயின்ட்டுக்குப் பதில் சொல்லுங்கப்பா.

கண்ணாடிக்காரி (சனி, இரவு 10.30)

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை போய் உட்கார்ந்து வந்தேன். கோயில் பிள்ளை (கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர்) ஐந்தரைக்கே கதவைத் திறந்துவிட்டார், தகரம் கழற்றவும் ஏணி பிடித்தார். கோபால்ட் நீலம், செம்புச் சிவப்பு, தேன் நிறம், வெளிர் பச்சை, வெறும் வெள்ளை, ஐந்தையும் நடு ஜன்னலில் தொங்கவிட்டேன். அதோடு கரும்பூச்சு மெல்லிசாகத் தடவிச் சுட்ட வெள்ளைத் துண்டு ஒன்று, ஆறாவது.

ஏழே முக்காலுக்கு வெள்ளையும் தேனும் பார்க்க முடியவில்லை, கண் கூசியது. கோயில் பிள்ளையைப் பீடத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். முகமே இல்லை, கறுப்பு உருவம்தான். நீலம் பக்கத்தில் இருந்த பச்சை மேல் வழிந்து இரண்டும் ஒரே திட்டாக நின்றது, காகிதத்தில் நான் அந்த இரண்டையும் அடுத்தடுத்துதான் போட்டிருந்தேன். சிவப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஆச்சரியம் அந்த ஆறாவது துண்டு. கூசவே இல்லை, தயிர் மேல் வெளிச்சம் பட்ட மாதிரி அமைதியாக இருந்தது.

பதினோரு மணிக்கு எல்லாம் தலைகீழ். பக்கக் கதவுகள் திறந்திருந்தன. நீலம் சிலேட்டுப் பலகை மாதிரி செத்துக் கிடந்தது, சிவப்பு காய்ந்த ரத்தம். கோயில் பிள்ளையிடம் சொல்லி எட்டுக் கதவையும் சாத்தி விளக்கை அணைத்தோம். கண் பழக ஒரு நிமிஷம் ஆனது. பிறகு நீலம் மெல்ல எழுந்து வந்தது. அவர் அங்கே 30 வருஷமாக மணி அடிக்கிறார், "இங்கே இப்படி ஒரு இருட்டு இருந்ததா" என்றார்.

அதனால் வரைந்தது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஃபாதர் தலை வருகிற உயரம் வரை, மூன்று ஜன்னலிலும் கீழ்த் தட்டுக்குப் பூச்சு ஏற்றிய அடக்கமான நிறங்கள். மேலே போகப் போக வெளிச்சம் கூடும். நீலத்தைப் பெரிய பரப்பாக எங்கேயும் போடவில்லை, ஓரத்தில் முத்து வேலி போட்டு நடு ஜன்னலில் மட்டும். புறா இறக்கை அதே இடத்தில் இருக்கும், மீதிப் புறாவை நான் வரையப் போவதில்லை. அது இருக்கிற வரை இருக்கட்டும், சுற்றி வருகிற நிறம் அதிலிருந்து தொடங்கும்.

தாத்தாவுக்கு: ஆள் இருக்கிறார்கள். இடது ஜன்னலில் சிலுவையடியில் வியாகுல மாதா, வலது ஜன்னலில் அருளானந்தர். சேலையா அங்கியா என்று கேட்காதீர்கள். ஈயக் கோட்டாலேயே வரைந்ததில் துணி மடிப்பு இரண்டுக்கும் பொதுவாக வந்துவிட்டது. பேரவையில் இரு கட்சியும் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு சம்மதித்துவிட்டார்கள்.

ஈயப்பட்டை அண்ணே, சாரத்தில் ஏறிப் பார்த்தேன். மஞ்சள் இருக்கிற இடத்தில் வெளிப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் மீன் செதில் மாதிரி ஒரு மினுக்கம். தொட்டால் ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஈயப்பட்டை (சனி, இரவு 10.58)

வெள்ளிக் கறை! வெள்ளிச் சேர்மத்தைப் பின்பக்கம் தடவிச் சுட்டால் கண்ணாடியே மஞ்சளாகும். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய வித்தை. ஒரே துண்டில் வெள்ளை முகமும் பொன் முடியும் வந்தது அதற்குப் பிறகுதான். உன் ஜன்னலில் யாரோ கை தேர்ந்தவன் வேலை செய்திருக்கிறான். ஈரத் துணி கூடப் போடாதே, காய்ந்த மெல்லிய தூரிகை மட்டும். ஈய வேலை செய்த கையோடு டீ குடிக்காதே, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குடி. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்பதில்லை.

பேரவைத்_தாத்தா (ஞாயிறு, காலை 6.10)

வியாகுல மாதா என்றதும் கீழவெளி வீதிப் பேராலயம் ஞாபகம் வந்தது, அதுவும் அவள் பேரில்தானே இருக்கிறது. சரி பாப்பா, ஒரே ஒரு சந்தேகம். கதவைச் சாத்தினால்தான் நிறம் தெரியும் என்கிறாய். சித்திரை மாதம் கதவைச் சாத்திவிட்டு யார் பூசை பார்ப்பது?

கண்ணாடிக்காரி (ஞாயிறு, காலை 6.45)

அதற்குத்தான் இன்று ஃபாதரிடம் போகிறேன் தாத்தா. பக்கக் கதவுகளில் பாதி உயரத்துக்கு மரச் சட்டம் போட்டு, சாய்வுப் பலகை வைத்தால் காற்று வரும், வெளிச்சம் வராது என்று தச்சர் சொல்கிறார். முதலில் ஒரே ஒரு கதவில் போட்டுப் பார்க்கப் பணம் கேட்க வேண்டும்.